இசை ஆசிரியர் மாநாட்டுக்கு முதல்முறை போகிறீர்களா? கோபியிலிருந்து ஒரு பாட்டு டீச்சரின் குறிப்புகள்

எங்கள் பக்கத்தில் பாட்டு டீச்சர் என்றால், முன்னறையில் பவானி ஜமுக்காளத்தை விரித்து, ஐந்தாறு பிள்ளைகளை உட்காரவைத்து, சரளி வரிசையில் ஆரம்பித்துக் கீதம், வர்ணம் வரைக்கும் சொல்லிக்கொடுக்கிறவர்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சருக்கு ஒரு சந்தேகம் வந்தால் ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம். நமக்கு அந்த நாற்காலி கிடையாது. கோபிசெட்டிபாளையத்தில் பதினாறு வருஷம் சொல்லிக்கொடுத்த பிறகுதான் நான் முதன்முதலாக ஓர் இசை ஆசிரியர் மாநாட்டுக்குப் போனேன். போய், செய்யக்கூடாததையெல்லாம் வரிசையாகச் செய்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு பல முறை போயாகிவிட்டது. புதிதாகக் கிளம்புகிறவர்களுக்கு அந்த அனுபவம் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எந்த மாநாடு?

பாட்டுக்காரர்கள் கூடி உட்கார்ந்து விவாதிப்பது புதுசு இல்லை. தஞ்சாவூரில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த ஆபிரகாம் பண்டிதர் 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்து, வித்வான்களை வரவழைத்து, சுருதி எத்தனை என்பதில் தொடங்கிப் பலதையும் பேசவைத்தார். 1927இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டோடு சேர்த்து ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாடமி வந்தது. இன்றைக்கும் டிசம்பரில் காலை வேளைகளில் அங்கே லெக்டெம் நடக்கிறது. பாடிக்காட்டியும் வாசித்துக்காட்டியும் விளக்குகிற உரைக்கு நம் ஆட்கள் வைத்திருக்கும் பெயர் அதுதான். தமிழ் இசைச் சங்கம் ராஜா அண்ணாமலை மன்றத்தில் நடத்தும் பண் ஆராய்ச்சிக் கூட்டமும் அதே மாதத்தில்தான். (பண் என்பது தேவாரம் பாடுகிற பழந்தமிழ் ராகம்.)

இரண்டுமே நல்லவை. ஆனால் முதல்முறையே அங்கே போகச் சொல்லமாட்டேன். ஒன்று, சென்னையில் தங்கும் செலவு. இன்னொன்று, மார்கழி நமக்குச் சௌகரியமான மாதம் இல்லை. பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு, எங்கள் ஊருக்குப் பாரியூர் குண்டம், கோயிலில் திருப்பாவை பாடப் பிள்ளைகளைத் தயார் செய்கிற வேலை, எல்லாம் ஒன்றாக வந்து விழும்.

கோவை, ஈரோடு, சேலம் பக்கம் கல்லூரிகளும் சபாக்களும் நடத்தும் ஒரு நாள், இரண்டு நாள் கருத்தரங்குகளில் ஆரம்பியுங்கள். மாலுமிச்சம்பட்டியில் இருக்கும் அரசு இசைக் கல்லூரியிலோ மாவட்ட அரசு இசைப்பள்ளிகளிலோ படித்தவர் யாராவது தெரிந்தவராக இருந்தால், உங்களை அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கச் சொல்லுங்கள். அழைப்பிதழ்கள் அங்கேதான் முதலில் வரும். கீபோர்டு, பியானோ சொல்லிக்கொடுக்கிறவர்கள் டிரினிட்டி, ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்கிற வெளிநாட்டு இசைத் தேர்வுகளுக்குப் பிள்ளைகளை அனுப்புவீர்கள். அந்தத் தேர்வுகளை ஒட்டி நடக்கும் ஆசிரியர் பயிலரங்குகளையும் விசாரித்து வையுங்கள்.

அழைப்பிதழைப் படிக்க ஒரு சின்ன வித்தை சொல்கிறேன். தொடக்க விழாவுக்குப் பத்துப் பேர் படம் போட்டு, அமர்வுகளுக்கு ‘காலை அமர்வு, மாலை அமர்வு’ என்று இரண்டே வரி இருந்தால் போகாதீர்கள். அது சான்றிதழ் கொடுக்கிற கூட்டம். எந்த மணிக்கு, யார், எதைப் பற்றி, எத்தனை நிமிஷம் என்று தெளிவாகப் போட்டிருப்பதுதான் ஆசிரியர்களை நினைத்து நடத்துகிற மாநாடு.

ஒரு பிள்ளையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்

முதல் மாநாட்டில் நான் எல்லா அமர்வுக்கும் போனேன். நாற்பது பக்கம் எழுதினேன். வீட்டுக்கு வந்து அந்த நோட்டை அலமாரியில் வைத்தேன். அடுத்த வருஷம் தீபாவளிக்கு வீடு ஒதுங்கவைக்கும்போதுதான் திரும்பப் பார்த்தேன். ‘கமகத்தின் பத்து வகைகள்’ என்று தலைப்பு எழுதி, கீழே ஆறு வகை இருந்தது.

இரண்டாவது முறை போகும்போது எனக்கு ஒரு கவலை இருந்தது. எட்டாவது படிக்கிற ஒரு பையன். ஆறு வயதிலிருந்து என்னிடம் பாடுகிறான். ஐந்து கட்டையில் (ஸ எந்த உயரத்தில் என்பதற்கான அளவுதான் கட்டை, எண் கூடினால் சுருதி உயரும்) கணீரென்று பாடியவனுக்கு மகரக்கட்டு, அதாவது வளரும் வயதில் குரல் உடைவது, வந்துவிட்டது. மேல் ஸவுக்குப் போனால் தொண்டை கீச்சிடுகிறது, கீழே வந்தால் காற்றுதான் வருகிறது. கூடப் பாடும் பெண் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவன் அம்மா, “ஏனுங்க டீச்சர், கொஞ்ச நாள் நிறுத்திப் போடட்டுங்களா?” என்று கேட்டுவிட்டார். பையன்கள் பாட்டை விட்டுப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நான் கற்றுக்கொண்டபோது இதைப் பற்றி எனக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. எனக்கும் ஐந்து கட்டைதான் சுருதி. அவன் எங்கே போய்க்கொண்டிருக்கிறான் என்று என் தொண்டைக்குத் தெரியாது.

அந்தப் பையனை மனதில் வைத்துக்கொண்டு நிகழ்ச்சி நிரலைப் பார்த்தபோது, எந்த அரங்குக்குப் போவது என்ற குழப்பமே வரவில்லை. நீங்களும் அப்படிச் செய்யுங்கள். தாளம் போட்டால் பாட்டு நிற்கிற பிள்ளை, பாட்டைப் பிடித்தால் தாளம் நிற்கிற பிள்ளை, கீபோர்டு கூட வாசித்தால்தான் சுருதி சேருகிற பிள்ளை என்று நம் ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கும். அதில் ஒன்று போதும்.

கிளம்புவதற்கு முன்

பதிவுப் படிவத்தில் உங்கள் பெயரை எழுதும்போது தலைப்பெழுத்தோடு, உங்கள் மற்றச் சான்றிதழ்களில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். பிழையோடு சான்றிதழ் வந்தால் மாற்றி வாங்க மாசக்கணக்கில் ஆகும். பணம் கட்டிய ரசீதை அச்செடுத்துக்கொள்ளுங்கள். பதிவு மேசைக்கு முன்னால் நிற்கும்போதுதான் செல்போனில் நெட் வராது.

பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர்கள் ஓ.டி. (போகிற நாளையும் வேலை நாளாகக் கணக்கிடும் அனுமதி) விஷயத்தை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். அலுவலகத்தில் கேட்பது வருகைச் சான்று. மாநாட்டில் கொடுப்பது பங்கேற்புச் சான்றிதழ். இரண்டும் வேறு. வருகைச் சான்றில் தேதியும் முத்திரையும் இருக்க வேண்டும் என்பதை முதல் நாள் காலையிலேயே அமைப்பாளர் காதில் போட்டுவையுங்கள். கடைசி நாள் சாயங்காலம் முத்திரை வைத்திருப்பவர் எப்போதோ வீட்டுக்குப் போயிருப்பார்.

வீட்டில் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு வேறு கஷ்டம். மாநாடு சனி ஞாயிறில் வரும், நம் வருமானமும் சனி ஞாயிறில்தான் வரும். ஒரு வாரம் முன்பே பெற்றோருக்குச் செய்தி அனுப்பி, ஈடுவகுப்பு எந்த நாள் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். ‘டீச்சர் லீவு’ என்று எழுதாதீர்கள், ‘டீச்சர் மாநாட்டுக்குப் போகிறார்’ என்று எழுதுங்கள். நமக்கும் கொஞ்சம் மரியாதை கிடைக்கும்.

கட்டுரை வாசிக்கப் போகிறீர்கள் என்றால் எழுத்துரு எது என்று முதலில் கேளுங்கள். யூனிகோடில் கேட்கிறார்களா, பாமினியில் கேட்கிறார்களா என்று தெரியாமல் அனுப்பினால், மாநாட்டு மலரில் உங்கள் கட்டுரை யாருக்கும் படிக்க வராத மொழியில் அச்சாகியிருக்கும். முதல்முறை கட்டுரை வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். எழுதிப் போனால் உங்கள் முறை வரும் வரைக்கும் வேறு எதுவும் காதில் விழாது.

பையில் ஒரு சால்வை (ஏ.சி. அரங்கில் நாள் முழுக்க உட்கார்ந்தால் தொண்டை கட்டும்), தண்ணீர், பென்சில், நோட்டு, போன் சார்ஜர். வீணையெல்லாம் வேண்டாம். ஒருமுறை தூக்கிக்கொண்டு போனேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார், கோவை காந்திபுரம் வரைக்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்ட மாதிரி உட்கார்ந்திருந்தேன், மாநாட்டில் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

அன்றைக்கு

மாநாடு கோவையில் என்றால், இறங்குகிற பஸ் நிலையம் கோபி, சத்தி பக்கமிருந்து வருகிறவர்களுக்கு காந்திபுரம், கரூர், திருச்சிப் பக்கத்துக்காரர்களுக்கு சிங்காநல்லூர், பொள்ளாச்சிக்காரர்களுக்கு உக்கடம். இறங்கிய இடத்திலிருந்து அரங்குக்கு எவ்வளவு தூரம் என்று பார்த்து அதற்கேற்ற பஸ் பிடியுங்கள். ஒன்பது மணிக்குத் தொடக்கம் என்றால் எட்டரைக்குப் போய்விடுங்கள். சிறப்பு விருந்தினர் பத்துக்கு வந்தாலும் பதிவு மேசையில் கூட்டம் எட்டரைக்கே வந்துவிடும். பையையும் பேட்ஜையும் வாங்கிக்கொண்டு, சாப்பாட்டு டோக்கன் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள்.

நடுவரிசையில், ஓரமாக உட்காருங்கள். முன்வரிசை விருந்தினருக்கு. நீங்கள் போய் உட்கார்ந்தால் தொண்டர் தம்பி வந்து எழுப்புவார். ஓரம் எதற்கென்றால், ஒரே நேரத்தில் இரண்டு அரங்கில் அமர்வு நடக்கும்போது ஒன்று உதவாது என்று தெரிந்தால் எழுந்து மற்றதற்குப் போகலாம். அப்படிப் போவது தப்பு இல்லை. பாடிக்கொண்டிருக்கும்போது எழுவதுதான் தப்பு, பேச்சுக்கு நடுவே போய்க்கொள்ளலாம்.

போனை அமைதியில் போடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் அதோடு இன்னொன்று சொல்கிறேன், தம்பூரா செயலியை முழுசாக மூடுங்கள். என் முதல் மாநாட்டில் ஒரு பெரியவர் மாயாமாளவகௌளை ராகத்தைச் சின்னப் பிள்ளைகளுக்கு எப்படி ஆரம்பிப்பது என்று ஒரு கட்டை சுருதியில் பாடிக் காட்டிக்கொண்டிருந்தார். பைக்குள் என் போன் எப்படியோ அமுங்கி, ஐந்து கட்டையில் தம்பூரா ஓட ஆரம்பித்துவிட்டது. கொஞ்ச நேரம் யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான். என் ஸ அவருடைய பஞ்சமம் (ப), பாந்தமாகச் சேர்ந்து நின்றது. காட்டிக்கொடுத்தது என் ப. அது அவருடைய சதுச்ருதி ரிஷபம், அவர் ராகத்தில் வரும் சுத்த ரிஷபத்தைவிட ஒரு படி மேலே நிற்கிற ரி. அவர் சுத்த ரிஷபத்தில் நின்று நிதானமாக அசைத்துக் காட்டும்போது பக்கத்தில் இன்னொரு ரிஷபம் உரசிக்கொண்டே இருந்தது. நிறுத்திவிட்டு, “சபையில யாரோ ரெண்டு ரி வெச்சிருக்காங்க” என்றார். அரங்கமே சிரித்தது. நான் பையை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தேன், அதில் சத்தம் இன்னும் கூடியதுதான் மிச்சம். ஆனால் ஒன்று, சுத்த ரிஷபத்துக்கும் சதுச்ருதிக்கும் உள்ள வித்தியாசத்தை இன்றைக்கும் என் பிள்ளைகளுக்கு அந்தக் கதையை வைத்துத்தான் சொல்கிறேன்.

குறிப்பும் கேள்வியும்

நோட்டில் இடப்பக்கம் மட்டும் எழுதுங்கள். வலப்பக்கத்தில், எழுதியதற்கு நேராக, அது எந்தப் பிள்ளைக்கு உதவும் என்று பெயரைப் போடுங்கள். பெயர் எதுவும் தோன்றவில்லையா, பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். இப்படி எழுதினால் ஒரு நாளைக்கு நான்கு பக்கம் வந்தாலே அதிகம். ஸ்வரத்தைக் காதால் பிடித்து எழுதும்போது மேல் ஸ்தாயிக்கும் கீழ் ஸ்தாயிக்கும் புள்ளி வைக்க மறக்காதீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் எந்த ஸ என்று தெரியாமல் விழிக்க வேண்டியிருக்கும். ஒலிப்பதிவு செய்ய வேண்டுமானால் பேசுகிறவரிடம் முன்னமே போய்க் கேட்டுவிடுங்கள். பல வித்வான்களுக்கு அது பிடிக்காது, அதில் நியாயமும் இருக்கிறது.

கேள்வி நேரத்தில் மைக்கைப் பிடித்து, தன் குரு பரம்பரையில் ஆரம்பித்து ஐந்து நிமிஷம் பேசிவிட்டு, ‘இதைப் பற்றித் தங்கள் கருத்து?’ என்று முடிக்கிறவர் ஒவ்வொரு மாநாட்டிலும் ஒருவர் இருப்பார். அவர் நீங்களாக இருக்கவேண்டாம். கேள்வியை முன்பே எழுதிக்கொண்டு போங்கள். நான் எழுதிக்கொண்டு போனது இது: ‘பதின்மூன்று வயதுப் பையன். போன வருஷம் ஐந்து கட்டை. இப்போது மேல் ஸ எட்டவில்லை, கீழேயும் நிற்கவில்லை. வகுப்பில் அவனை என்ன பாடவைப்பது?’ மேடையில் திரை முழுக்க ஆங்கிலம் ஓடினாலும் தமிழில் கேளுங்கள். நம் கொங்கு ‘ங்க’ ஒட்டிக்கொண்டு வந்தால் வரட்டும்.

மேடையில் கிடைத்த பதில், தொண்டைக்கு ஓய்வு கொடுங்கள், காலம் கொடுங்கள் என்பதுதான். தப்பில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அவன் என் முன்னால் வந்து உட்காரும்போது அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

டீ வரிசை

உண்மையான பதில் டீக்கு நிற்கும்போது வந்தது. பின்னால் நின்ற தாராபுரத்து அக்கா ஒருவர், வயது அறுபதுக்கு மேல் இருக்கும், தோளைத் தொட்டு, “அந்தப் பையனுக்கு இப்ப எந்த ஸ்வரத்துல இருந்து எந்த ஸ்வரம் வரைக்கும் நோகாம வருதுன்னு பாத்தீங்களா அம்மிணி?” என்றார். நான் பார்த்திருக்கவில்லை. “நீங்க உங்க கட்டைலயே நின்னுட்டு அவனை இழுக்கறீங்க. அவன் எங்க நிக்கறானோ அங்க கொண்டுபோய் சுருதிய வைங்க.”

டம்ளர் ஆறும் வரைக்கும் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். வாரத்துக்கு ஒருமுறை அவன் குரல் எட்டும் எல்லையைக் குறித்து வைக்க வேண்டும், இந்த வயதில் அது நகர்ந்துகொண்டே இருக்கும். ஒன்றரை, இரண்டு கட்டைக்கு இறக்கி, மெல்லிய குரலில் சின்னச் சின்ன ஜண்டை வரிசை (ஸ்வரங்களை இரட்டித்துப் பாடும் பயிற்சி). மேல் ஸ தொடவே தேவையில்லாத ராகங்கள் இருக்கின்றன: புன்னாகவராளி, குறிஞ்சி, செஞ்சுருட்டி. ஏறக்குறைய ஒரு ஸ்தாயிக்குள்ளேயே முழு ராகமும் அடங்கிவிடும், பையனுக்குத் தோற்ற மாதிரி இருக்காது. தொண்டை சுத்தமாக ஒத்துழைக்காத வாரங்களில் கொன்னக்கோல், அதாவது தாளச் சொற்களை வாயால் சொல்வது. தாளம் கெட்டிப்படும். கூடப் பாடும் பிள்ளைகளிடம் அவன் எதிரிலேயே, இது எல்லாப் பையன்களுக்கும் வருவதுதான் என்று சொல்லிவிட வேண்டும். “அப்புறம், அவன் ஊர்ல கும்மி ஆடறானா? கும்மிப் பாட்டு பாடச் சொல்லுங்க. அது தொண்டைய இழுக்காது.”

ஆகவே டீ இடைவேளையில் தனியாக மூலையில் நின்று போன் பார்க்காதீர்கள். சும்மா வரிசையில் நின்றுகொண்டு, “எந்த ஊருங்க?” என்று ஆரம்பித்தால் போதும். மாசக் கட்டணம் எவ்வளவு, ஆடி நோம்பிக்கு வராத வகுப்புக்குப் பணம் கழிக்கிறீர்களா, அரங்கேற்றத்துக்குப் பக்கவாத்தியக்காரர்களுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று மேடையில் யாரும் பேசாததெல்லாம் அங்கேதான் பேசப்படும். எண் வாங்கினால் பெயரோடு என்ன பேசினீர்கள் என்பதையும் சேர்த்துப் பதியுங்கள். என் போனில் அவர் ‘தாராபுரம் மகரக்கட்டு அக்கா’ என்றுதான் இருக்கிறார்.

விடக்கூடாத அமர்வுகள், விட்டுவிடலாம் என்பவை

பண் பற்றிய அமர்வு இருந்தால் போங்கள். கொங்கு நாட்டில் பாடல் பெற்ற தலங்கள் ஏழு: கொடுமுடி, கரூர், வெஞ்சமாங்கூடல், பவானி, திருச்செங்கோடு, அவிநாசி, திருமுருகன்பூண்டி. உங்கள் பிள்ளைகள் விளையாடுகிற தெருவுக்கே ஒரு பதிகம் இருக்கலாம். கொடுமுடியில் சுந்தரர் பாடிய பதிகம் பழம்பஞ்சுரம், ஓதுவார்கள் சங்கராபரணத்தில் பாடுவார்கள். அவிநாசிப் பதிகம் குறிஞ்சிப் பண், அது அரிகாம்போதி. (மேலே சொன்ன குறிஞ்சி ராகம் வேறு, பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.) சங்கராபரணத்தை ஆரோகணம் அவரோகணம் என்று ஆரம்பிப்பதைவிட, ‘இது உங்க ஊர்க் கோயில் பாட்டு’ என்று ஆரம்பித்தால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

நாட்டார் இசை அமர்வையும் விடாதீர்கள். கர்நாடக இசை டீச்சர்கள் பலர் அந்த நேரத்தில் ஸ்டால் பக்கம் போய்விடுகிறார்கள். வள்ளி ஒயில் கும்மிக்காக 2024இல் பத்திரப்பன் ஐயாவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஊர் ஊராகப் பிள்ளைகள் கும்மி கற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஐம்பது பேர் வட்டமாக ஆடிக்கொண்டே சுருதி, காலப்பிரமாணம் தவறாமல் பாடவைக்கிற அந்த ஆசிரியர்களிடம் நமக்குக் கேட்க நிறைய இருக்கிறது. நம்மால் ஆறு பேரை உட்காரவைத்தே செய்ய முடியவில்லை.

ஸ்டால்களில் புத்தகம் வாங்கலாம். மின்சாரச் சாதனம் எதையும் அவசரத்தில் வாங்காதீர்கள். மாநாட்டுத் தள்ளுபடி என்று ஒரு சுருதிப் பெட்டி வாங்கினேன், ஆடி முடிவதற்குள் பஞ்சமம் ஊமையாகிவிட்டது, விற்றவர் போனை எடுக்கவில்லை. மாலைக் கச்சேரிக்கு இருப்பதா வேண்டாமா என்பதைக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

திரும்பி வந்து

பஸ்ஸில் உட்கார்ந்ததும் வலப்பக்கத்துப் பெயர்களைப் பாருங்கள். அதில் ஒன்றை மட்டும் எடுத்து, அடுத்த வகுப்பிலேயே செய்துபாருங்கள். நாலைந்தையும் ஒரே வாரத்தில் இறக்கினால் பிள்ளைகள், “டீச்சருக்கு என்னாச்சு?” என்று பார்ப்பார்கள்.

நான் செவ்வாய்க்கிழமை தம்பூராவை ஒன்றரைக் கட்டைக்கு இறக்கினேன். பையன் சந்தேகமாகப் பார்த்தான். கீழ் நி வரைக்கும் மெதுவாகப் போகச் சொன்னேன், போனான். மேலே நி, அதோடு நிறுத்து என்றேன். நோட்டில் குறித்துக்கொண்டேன். பிறகு அந்த இரண்டு நிக்கு நடுவில் புன்னாகவராளியை ஒரு தடவை பாடிக்காட்டினேன். எனக்கே அது அவ்வளவு கீழே சரியாக வரவில்லை, காற்றோடுதான் வந்தது. அவன் கேட்டுவிட்டு, “டீச்சர், இது மகுடிங்களா?” என்றான். ஆமாம் என்றேன். அப்புறம் அவனே பாடினான், இரண்டு இடத்தில் உடைந்தது, நிறுத்தாமல் பாடினான். அடுத்த வாரம் தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தான், அவன் பாடும்போது பாம்பாக ஆடுவதற்கு.